பனிக்காலத்தில் வீட்டுத் தோட்டப் பறவைகள்

தெற்கே பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ வடக்கே வந்து குடியேறிய நம்மவர்களுக்கு முதல் குளிர்காலம் ஒரு புதிய பாடமாகவே அமைகிறது. மார்கழிப் பனி என்று நாம் ஊரில் அறிந்திருந்ததெல்லாம் விடியற்காலையில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்துபோகும் சங்கதி. ஸ்ரீநகரிலும், லே நகரிலும், இமயமலைச் சரிவுகளில் உள்ள மற்ற ஊர்களிலும் நிலைமை வேறு. அங்கே குழாய்க்குள் நீர் உறைந்துவிடுகிறது. கூரை ஓரத்தில் பனிக்கட்டிகள் ஈட்டிகளைப் போலத் தொங்குகின்றன. பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விடுகிறார்கள். வீட்டிலுள்ளோர் ஒரே அறையில், ஒரே கணப்பைச் சுற்றி, நாட்களைக் கழிக்க நேர்கிறது. அக்கம்பக்கத்தாரின் மொழியும் பழகாத புதிதில் பேச்சுத் துணைகூட அரிது. அத்தகைய நாட்களில் வெளியுலகத்தோடு நமக்குள்ள தொடர்பு பெரும்பாலும் ஜன்னல் ஒன்றுதான்.

அந்த ஜன்னலுக்கு வெளியே, பனி மூடிய தோட்டத்தில், சில பறவைகள் இரை தேடிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். கம்பளியும் கணப்பும் உள்ள நாமே நடுங்கும்போது, கைப்பிடிக்குள் அடங்கும் இந்தச் சிற்றுயிர்கள் எவ்வாறு பிழைக்கின்றன? இக்கேள்விக்கு விடை தேடினால் பறவைகளின் வாழ்க்கையைப் பற்றி ஓர் அடிப்படை உண்மை புலனாகும். அதையே இங்கே காஷ்மீரப் பள்ளத்தாக்கை உதாரணமாகக் கொண்டு விளக்க முயல்வோம்.

காஷ்மீரத்தார் குளிர்காலத்தின் உச்சத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் முதல் 40 நாட்களுக்குச் ‘சில்லை கலான்’ என்று பெயர். அதையடுத்த 20 நாட்கள் ‘சில்லை குர்த்’. இறுதியாக வரும் 10 நாட்கள் ‘சில்லை பச்சா’. முதல் நாற்பது நாட்களே மிகக் கடுமையானவை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி இரவு ஸ்ரீநகரில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 8.5 டிகிரிக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் அந்நகரம் அத்தகைய டிசம்பர் இரவைக் கண்டதில்லை. அந்தப் பருவத்தில் காலை ஏழரை மணியளவில் உதிக்கும் சூரியன் மாலை ஐந்தரை மணிக்குள் மறைந்துவிடுகிறது. பகல் ஏறக்குறைய பத்து மணி நேரம். இரவு பதினான்கு மணி நேரம். பறவைகளின் கதையில் குளிரளவைவிட முக்கியமானது இந்தப் பத்துக்குப் பதினான்கு என்ற கணக்குத்தான்.

முதலில், எந்தப் பறவை போகிறது, எந்தப் பறவை தங்குகிறது என்று பார்ப்போம். கோடையில் காஷ்மீரத் தோட்டங்களில் கூடு கட்டும் மாங்குயிலும், நீண்ட வெள்ளை வால் கொண்ட அரசவால் ஈப்பிடிப்பானும் இலையுதிர் காலத்திலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பள்ளத்தாக்கின் பெயரையே தாங்கிய ஒரு சிறு குருவி இருக்கிறது. அது பீர் பஞ்சால் மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை இலங்கையின் மலைநாட்டிலும் நமது நீலகிரியிலும் கழிக்கிறது. நாம் பிழைப்புக்காக வடக்கே வந்தது போல அது பிழைப்புக்காகத் தெற்கே போகிறது என்று சொல்லலாம்.

இப்படிப் போகும் பறவைகளில் மிகப் பல பூச்சிகளை உண்டு வாழ்பவை. பனி விழுந்தால் பறக்கும் பூச்சிகள் மறைந்துவிடுகின்றன. எனவே அவை போயாக வேண்டும். தங்குகிற பறவைகள் எவை? தானியம், விதை, பழம், மரப்பட்டையின் இடுக்கில் உறங்கும் புழு, மனிதன் எறியும் மிச்சம் என்று கிடைத்ததைக் கொண்டு காலந்தள்ளக் கூடியவை. சிட்டுக்குருவியின் தோல் ஈப்பிடிப்பானின் தோலைவிடத் தடித்ததன்று. அதற்குத் தையில் தீனி கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. வேறுபாடு அவ்வளவே. ஆகவே, குளிர்காலத்தில் பறவையின் முதற்பகை குளிரைவிடப் பசியே ஆகும். வயிறு நிறைந்த பறவை கடுங்குளிரையும் தாங்கும்; பட்டினி கிடக்கும் பறவை சாதாரணக் குளிரிலும் மடியும்.

இது எவ்வாறு என்பதை விளக்க வேண்டும். பறவைகளின் உடற்சூடு நம்முடையதைவிட அதிகம். ஏறக்குறைய 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். வெளியே பூஜ்யத்திற்குக் கீழே 8 டிகிரி என்றால், உள்ளுக்கும் வெளிக்கும் இடையே சுமார் 50 டிகிரி வித்தியாசம். மேலும், உருவம் சிறுத்தால் சூடு விரைவில் வெளியேறும். ஓர் அண்டா வெந்நீர் ஆறுவதற்கு ஒரு பொழுது ஆகிறது. டம்ளரில் ஊற்றிய காப்பியோ பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிப்போகிறது. சிட்டுக்குருவியின் எடை 25 கிராம் அளவு. பட்டாணிக் குருவியோ 15 கிராம்தான் இருக்கும். சூட்டைக் காப்பதில் இவை டம்ளர் காப்பியின் நிலையில் இருக்கின்றன.

இந்நிலையில் அவற்றுக்கு வாய்த்த முதல் பாதுகாப்பு இறகு. வடநாட்டில் குளிர்காலம் தொடங்குமுன் பழைய ரஜாயைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி மறுபடி தைத்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். பஞ்சின் எடை கூடுவதில்லை. ஆனால் அது உப்பி, தன்னுள்ளே காற்றை நிறைத்துக்கொள்கிறது. அசையாமல் சிறைப்பட்ட அந்தக் காற்றே நம்மைக் கதகதப்பாக வைக்கிறது. பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து போல உட்கார்ந்திருப்பதும் இதே வேலைதான். இலையுதிர் காலத்தில் பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு அடர்த்தியாக வளர்வதால் குளிர்காலத்துச் சிட்டுக்குருவி கோடைக்காலத்துக் குருவியைவிடப் பருத்துத் தோன்றும். நனைந்த ரஜாய் பயன்படாதது போலவே, நனைந்த இறகும் பயன்படாது. அதனால்தான் பறவை நாளில் பல முறை அலகால் இறகைக் கோதி, வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயைப் பூசிச் சீர்செய்துகொள்கிறது. ஜன்னல் வழியே பார்க்கும் நமக்கு அது சிங்காரமாகத் தோன்றலாம். பறவைக்கு அது தற்காப்பு.

இறகில்லாத கால்கள் பனியில் உறைந்துபோகாதது எப்படி என்று குழந்தைகள் கேட்பதுண்டு. பறவையின் காலில் உடலிலிருந்து இறங்கும் சூடான இரத்தக் குழாயும், பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்திற்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடு பெறுகிறது. உடலின் சூடும் வீணாவதில்லை. அதற்கும் மேலாக ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் மறைத்துக்கொண்டு மறு காலில் நிற்பது பறவைகளின் வழக்கம்.

இவ்வளவும் சூட்டைக் காக்கும் வழிகள். சூட்டை உண்டாக்கும் வழி ஒன்றே ஒன்று: தின்றதை எரிப்பது. பறவை தன் மார்புத் தசைகளை இடைவிடாமல் நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்குகிறது. இதற்கு எரிபொருள், பகலில் தின்று உடலில் சேர்த்த கொழுப்பு. பத்து மணி நேரப் பகலில் சேர்த்ததைப் பதினான்கு மணி நேர இரவில் செலவிட வேண்டும். கடுங்குளிர் இரவு ஒன்றில் ஒரு சிறு பறவை தன் எடையில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு படுத்து, விடியற்காலையில் எழும்போது 3 முதல் 6 கிலோ இளைத்திருப்பதற்கு இது சமம். அதை மறுநாள் மாலைக்குள் ஈடு செய்தாக வேண்டும். ஈடு செய்யாவிட்டால் அடுத்த விடியலை அது காணாது.

அப்படியானால் நிறையத் தின்று ஒரு வாரத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதிலும் ஆபத்து உண்டு. பருத்த குருவி மெதுவாகவே எழும்பும். வேலி மறைவில் வல்லூறு காத்திருக்கிறது. இளைத்தால் குளிர் கொல்லும். பெருத்தால் வல்லூறு கொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே, ஓர் இரவுக்குப் போதுமானதும் அதற்குச் சற்றே மேலானதுமான சேமிப்பை வைத்துக்கொண்டு சிறு பறவைகள் ஒவ்வொரு நாளையும் கடக்கின்றன.

இரவில் செலவைக் குறைக்கவும் அவை வழி கண்டிருக்கின்றன. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் சில பட்டாணிக் குருவி இனங்கள் இரவில் உடற்சூட்டையே சில டிகிரி குறைத்துக்கொள்கின்றன. சிட்டுக்குருவிகள் இறவாணத்துப் பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் புகுந்துகொள்கின்றன. ரென் என்னும் மிகச் சிறிய பழுப்புக் குருவி காஷ்மீரத்திலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. 1969-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், ஒரே கூட்டுப் பெட்டிக்குள் 61 ரென் குருவிகள் நெருக்கியடித்துக்கொண்டு இரவைக் கழித்தது பதிவாகியிருக்கிறது. தனியே இருந்தால் பத்து கிராம்கூட இல்லாத உயிர், கூட்டமாகச் சேர்ந்தால் ஒரு பெரிய உடலாகிவிடுகிறது அல்லவா?

இக்கணக்கை மனத்தில் கொண்டு ஜன்னலண்டை அமர்ந்தால், வெறும் வேடிக்கையாகத் தோன்றியதெல்லாம் பொருள் பெறுகின்றன. விடிந்ததும் முதல் ஒரு மணி நேரம் தோட்டத்தில் ஒரே பரபரப்பு. இரவு முழுவதும் எரித்ததை ஈடு செய்யும் அவசரம். நடுப்பகலில் வெயில் விழும் சுவரோரத்தில் பறவைகள் அசையாமல் அமர்ந்திருக்கும். சூரியன் இலவசமாகத் தரும் வெப்பத்தைப் பெற்றுத் தம் சேமிப்பைக் காக்கின்றன. பொழுது சாயுமுன் மறுபடி ஒரு பரபரப்பு. அது இரவுக்கு எரிபொருள் நிரப்பும் நேரம். பனிப்புயல் வருமுன் பறவைகள் வழக்கத்தைவிட வேகமாகத் தின்பதையும் கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பகல் நேரத்தில் இறகைச் சிலிர்த்தபடி, கண்களை மூடி, ஆள் நெருங்கினாலும் எழும்பாமல் உட்கார்ந்திருக்கும் பறவை நோயுற்றதாகவோ சேமிப்பு தீர்ந்ததாகவோ இருக்கலாம்.

ஸ்ரீநகரத்து வீட்டுத் தோட்டத்தில் யார் யாரைக் காணலாம்? சிட்டுக்குருவி முதலில் வரும். நம் நாட்டுப்புறத்தில் அதற்கு அடைக்கலங்குருவி என்று பெயர். மனிதன் வீட்டில் அடைக்கலம் புகுந்த குருவி என்ற அப்பெயரின் முழுப் பொருளையும் காஷ்மீரக் குளிரில்தான் உணர முடிகிறது. அடுத்து, கன்னத்தில் வெள்ளையும் தலையில் முன்னோக்கி வளைந்த கொண்டையும் உடைய மலைக் கொண்டைக்குருவி. நம் ஊர்க் கொண்டைக்குருவியின் நெருங்கிய உறவு இது. கூச்சம் சிறிதும் இல்லாத இப்பறவை ஜன்னல் திறந்திருந்தால் அறைக்குள்ளேயே வந்து சிந்திய சோற்றைப் பொறுக்கும். வெள்ளைக் கன்னமும் மார்பில் கறுப்புக் கோடும் கொண்டு, கிளையில் தலைகீழாகத் தொங்கி மரப்பட்டையை ஆராய்வது பட்டாணிக் குருவி. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் அதே குருவியைப் பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். காக்கையைவிடச் சிறிய, பிடரி சாம்பல் நிறமான, வெளிறிய கண்ணுடைய ஜாக்டா என்னும் காக்கையினம் மாலையில் கூட்டங் கூட்டமாக அடையப் போகும். நாகணவாயும் உண்டு. மலையுச்சிகளில் பனி மிகும்போது, அங்கிருந்து கீழே இறங்கி வரும் நீலச் சீழ்க்கைக் குருவியையும் நீரோட்டங்களின் அருகே காணலாம்.

இனி, நாம் செய்யத்தக்கது என்ன? சோறு உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி வைப்பதும், குருவிகளுக்கென்று இறவாணத்தில் நெற்கதிர் கட்டித் தொங்கவிடுவதும் நம் குடும்பங்களின் பழைய வழக்கம். தெற்கே அது ஓர் அன்புச் செயல். உறைபனி நாட்டில் அதுவே உயிர் காக்கும் செயலாகவும் ஆகலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அவ்வூர்ப் பட்டாணிக் குருவிகளை அடையாளமிட்டுக் கவனித்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். மனிதர் வைத்த தீனி கிடைத்த இடங்களில் 100-க்கு 69 குருவிகள் குளிர்காலத்தைக் கடந்தன. கிடைக்காத இடங்களில் 37 மட்டுமே கடந்தன. மிதமான குளிரில் பெரிய வித்தியாசம் தோன்றவில்லை. மிகக் கடுங்குளிர் நிலவிய மாதங்களிலேயே தீனியின் பயன் வெளிப்பட்டது. பறவைகள் நம் தட்டையே நம்பிச் சோம்பிவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. தட்டு இருந்தபோதும் அக்குருவிகள் தம் உணவின் பெரும்பகுதியைத் தாமே தேடிக்கொண்டன என்பதையும் அவர்கள் பின்னர்க் கண்டார்கள்.

தீனியைப் பற்றிச் சில குறிப்புகள். கொழுப்பு மிகுந்த விதைகளே மேல். சூரியகாந்தி விதை, உடைத்த வாதுமைக்கொட்டை, காஷ்மீரத்தில் எளிதில் கிடைக்கும் அக்ரோட் பருப்பின் நொறுங்கல் ஆகியவை பட்டாணிக் குருவிக்கு உகந்தவை. கம்பு, நொய்யரிசி, நெல் ஆகியவை சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் ஆகும். அடிபட்ட ஆப்பிளை இரண்டாக வெட்டிக் கிளையில் செருகி வைத்தால் கொண்டைக்குருவி தேடி வரும். வேர்க்கடலை வைக்கலாம், ஆனால் பூஞ்சை பிடித்த கடலையில் கொடிய நஞ்சு உண்டாவதால் அதை வைக்கலாகாது. உப்பிட்ட பண்டமும் பாலும் கூடாது. சோறு வைப்பதானால் உப்பில்லாமல் சிறிதளவே வைக்க வேண்டும். அதிகமானால் மிச்சம் கல்லாக உறைந்துபோகும். இளகிய நெய்யும் வனஸ்பதியும் இறகில் ஒட்டிக்கொண்டு அதன் கதகதப்பைக் கெடுக்கும் என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். விடிந்தவுடன் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு முறை என்று பறவையின் தேவையை ஒட்டித் தீனி வைப்பது நல்லது.

தண்ணீரை நாம் மறந்துவிடுகிறோம். சுற்றிலும் பனி இருந்தும் பறவைக்குத் தாகம் உண்டு. பனியைத் தின்றால் அதை உருக்க உடற்சூடு செலவாகும். எனவே ஆழமில்லாத தட்டில் வெதுவெதுப்பான நீரை வைத்து, உறைந்ததும் மாற்றி வைக்க வேண்டும். நீர் உறையாதிருக்க உப்போ வேறு மருந்தோ கலப்பது தீங்கு. தட்டுகளை அடிக்கடி வெந்நீரால் கழுவி உலர்த்த வேண்டும். பல பறவைகள் ஒரே தட்டில் கூடுமிடத்தில் நோயும் பரவும். தட்டுக்கு அருகில் பூனை பதுங்கத்தக்க புதர் இருக்கக் கூடாது.

ஜன்னல் கண்ணாடியும் ஓர் அபாயமே. அதில் தெரியும் வானத்தின் பிம்பத்தை மெய்யென்று எண்ணி மோதி மடியும் பறவைகள் பல. தீனித் தட்டை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால், அவ்வளவு அருகிலிருந்து எழும் பறவைக்கு வேகம் சேராது. மோதினாலும் பலத்த அடி படுவது குறைவு. கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகக் கோடுகளோ புள்ளிகளோ இடுவதும் உதவும். கோலமிடத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய வேலையன்று. அறைக்குள்ளே விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, அசையாமல் அமர்ந்தால் பறவைகள் நம்மைப் பொருட்படுத்துவதில்லை.

பார்த்ததைக் குறித்து வைக்கும் பழக்கமும் நல்லது. தேதி, நேரம், வெப்பநிலை, எந்தப் பறவை, எத்தனை என்ற ஐந்தும் போதும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள், உலகெங்கும் வீட்டுத் தோட்டப் பறவைகளைப் பொதுமக்களே எண்ணித் தெரிவிக்கும் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய அதில் 2013 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பதினைந்து நிமிஷம் எண்ணினாலே அதில் பங்கு கொள்ளலாம். விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது விளையாட்டும் ஆகும், கல்வியும் ஆகும்.

டில்லியிலும் லக்னோவிலும் உள்ள நேயர்களுக்கு உறைபனி இல்லை, மூடுபனி உண்டு. அங்கும் மூடுபனியால் பகல் சுருங்கும் நாட்களில் இதே கணக்குச் செல்லும் என்பதை அவர்கள் தம் ஜன்னலிலிருந்தே சோதித்தறியலாம். மாலையில் கதவைச் சாத்துமுன் வெளித்தட்டில் ஒரு பிடி தானியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதற்கு அரை நிமிஷம் பிடிக்கும். காலையில் அதே குருவிகள் மறுபடி வந்து அமர்ந்தால், அவை ஓர் இரவைக் கடந்துவிட்டன என்று பொருள்.